வன்னி ஆஸ்பத்திரியில் எரிகாய ஆய்வு ஒன்றை உருப்படியாகச் செய்வது எப்படி

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆஸ்பத்திரிகளில் எரிகாய நோயாளிகளைப் பார்க்கிற தாதியருக்கும் இளம் டொக்டர்மாருக்கும், ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிற மருத்துவ மாணவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எரிகாய ஆராய்ச்சி என்பது பெரிய நகரத்தில் பெரிய யூனிட் வைத்திருப்பவர்களின் வேலை என்று ஒதுங்கிவிடாதீர்கள். குப்பி விளக்கு சரிந்தும், நெல் அவிக்கிற கிடாரத்துச் சுடுதண்ணி கொட்டியும், குப்பை கொளுத்தப் போய்ச் சட்டையில் தீப்பிடித்தும் வருகிற ஆள் முதலில் வந்து சேர்வது உங்கள் வாட்டுக்குத்தான். பெரிய காயம் என்றால் நீங்கள் யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ அனுப்பிவிடுவீர்கள், அங்கே நடப்பதைப் பற்றி எழுதுவதற்கு ஆக்கள் இருக்கிறார்கள். ஆனால் காயம்பட்ட முதல் சில மணித்தியாலத்தில் என்ன நடந்தது, வீட்டுக்குத் திரும்பிப் போன பிறகு அந்தக் கை நீண்டதா மடங்கியதா என்ற இரண்டையும் கிட்ட நின்று பார்க்கக்கூடியவர்கள் நீங்கள் மட்டும்தான்.

முதலில் ஒரு கேள்வி, ஒன்றே ஒன்று

"வன்னியில் எரிகாயங்கள்" என்பது தலைப்பு, கேள்வி அல்ல. "காயம்பட்டு 3 மணித்தியாலத்துக்குள் 20 நிமிடம் தண்ணீர் ஊற்றப்பட்டவர்கள் எங்கள் வாட்டுக்கு வருபவர்களில் எத்தனை பேர், அவர்களுக்குத் தோல் ஒட்ட வேண்டி வருவது குறைகிறதா" என்பது கேள்வி. இப்படி ஒரு வசனத்தில் சொல்ல முடியாவிட்டால் படிவம் அடிக்கத் தொடங்க வேண்டாம்.

இந்தக் கேள்வியை நான் சும்மா எடுக்கவில்லை. அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 2,495 பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்து 2020இல் ஒரு ஆய்வு வெளியானது. 20 நிமிடமோ அதற்கு மேலோ குளிர்ந்த ஓடும் தண்ணீர் பட்ட பிள்ளைகளுக்குத் தோல் ஒட்டுத் தேவைப்படும் வாய்ப்பு 40 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தது. மருந்து இல்லை, மெஷின் இல்லை, வெறும் தண்ணீர். ஆனால் அங்கே பைப்பைத் திறந்தால் தண்ணீர் ஓடும். இங்கே ஒட்டுசுட்டானிலோ துணுக்காயிலோ ஒரு வீட்டில் கிணற்றிலிருந்து வாளியால் அள்ளித்தான் ஊற்ற வேண்டும், ஆவணி புரட்டாதியில் கிணற்றின் அடியில்தான் தண்ணீர் நிற்கும். வாளியும் குவளையுமாக 20 நிமிடம் விடாமல் ஊற்ற ஒரு தாயால் முடிகிறதா, முடியாவிட்டால் எங்கே நின்றுபோகிறது? இதைப் பிரிஸ்பேன்காரர் வந்து நமக்குச் சொல்லப்போவதில்லை. இப்படிப்பட்ட கேள்வியைத்தான் எடுக்கச் சொல்கிறேன்.

அடுத்து, எடுத்த எடுப்பில் யாருக்கு எந்த மருந்து என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்து இரண்டு மருந்தை ஒப்பிடுகிற ஆய்வுக்குள் இறங்க வேண்டாம். கடந்த 2 வருட வாட்டுப் பதிவேட்டை எடுத்து எத்தனை எரிகாயம் வந்தது, எத்தனை அனுப்பப்பட்டது, எத்தனை பேர் கிளினிக்குக்குத் திரும்பி வந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் ஆய்வு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதை அந்தப் பதிவேடே சொல்லிவிடும். ஆட்கள் குறைந்த ஆய்வு எப்படி ஏமாற்றும் என்பதற்குக் குளுட்டமின் என்ற அமினோ அமிலம் நல்ல உதாரணம். எரிகாய நோயாளிக்கு அதைக் கொடுத்தால் நல்லது என்று சின்னச் சின்ன ஆய்வுகள் வருடக்கணக்காகச் சொல்லிவந்தன. பிறகு 14 நாடுகளின் 54 எரிகாய நிலையங்கள் சேர்ந்து 1,209 பேரில் செய்துபார்த்து 2022இல் வெளியிட்டார்கள்: உயிரோடு வீடு திரும்பும் காலம் அதனால் குறையவில்லை. ஆக இரு பக்கமும் இருபது இருபது பேரை வைத்து "இந்த மருந்துதான் சிறந்தது" என்று எழுதுவது நோயாளிக்கும் நியாயம் இல்லை, உங்களுக்கும் நியாயம் இல்லை. நாலு மாவட்டமும் யாழ்ப்பாணமும் கைகோத்தால் அது வேறு கதை. தனியாகச் செய்வதென்றால், இன்றிலிருந்து வருகிற ஒவ்வொரு நோயாளியையும் ஒழுங்காகப் பதிந்து, 6 மாதமாவது பின்தொடர்கிற ஆய்வுதான் என் தெரிவு.

படிவம்: முதல் மணித்தியாலத்தைப் பிடிப்பது

எல்லாம் தங்கியிருப்பது இதில்தான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் உலகளாவிய எரிகாயப் பதிவேட்டுக்கு ஒரு மாதிரிப் படிவம் இருக்கிறது, இலவசம். வசதி குறைந்த ஆஸ்பத்திரிகளை மனதில் வைத்துச் செய்தது. அதை அடிப்படையாக எடுத்து உங்கள் கேள்விக்கு வேண்டியதை மட்டும் சேருங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் போனால் இரவு டியூட்டியில் யாரும் நிரப்ப மாட்டார்கள்.

"தண்ணி ஊத்தினனீங்களோ?" என்று கேட்டால் எல்லாரும் "ஓம்" என்றுதான் சொல்வார்கள். அந்த "ஓம்" ஆய்வுக்கு உதவாது. எதால் ஊற்றினீர்கள், எங்கிருந்து எடுத்தீர்கள், எத்தனை வாளி, ஊற்றி முடித்து எவ்வளவு நேரத்தில் வாகனம் வந்தது என்று துண்டு துண்டாகக் கேளுங்கள். ஒரு அம்மா "உடன ஊத்தினனாங்கள் மிஸ்ஸி" என்பார், மெல்ல விசாரித்தால் அது ஒரு செம்புத் தண்ணீர், அதற்குப் பிறகு பற்பசை. பற்பசை, முட்டை வெள்ளைக்கரு, தேங்காயெண்ணெய், கற்றாழை, மஞ்சள் என்று பூசியது எதுவானாலும் முகம் சுளிக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் ஒருமுறை ஏசினால் அடுத்த கட்டிலில் இருக்கிறவர் உண்மையைச் சொல்ல மாட்டார், உங்கள் தரவு அங்கேயே கெட்டுவிடும்.

நேரம் இரண்டு வேண்டும்: காயம்பட்ட நேரம், ஆஸ்பத்திரிக்கு வந்த நேரம். ரிக்கெட்டில், அதாவது வாட்டு நோயாளிக் குறிப்பில், பெரும்பாலும் இரண்டாவதுதான் இருக்கும். நரம்பு வழியாக எவ்வளவு திரவம் ஏற்றுவது என்று சொல்கிற பார்க்லாண்ட் கணக்கு காயம்பட்ட நேரத்திலிருந்து தொடங்குவது, அதனால் இது சாதாரணக் குறை இல்லை. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு உடம்பில் 30 விழுக்காடு எரிந்திருக்கிறது என்று வையுங்கள். 4 மில்லிலீற்றரை எடையாலும் விழுக்காட்டாலும் பெருக்கினால் 24 மணித்தியாலத்துக்கு 6,000 மில்லிலீற்றர், அதில் பாதி முதல் 8 மணித்தியாலத்துக்கு. பின்னேரம் 6 மணிக்கு எரிந்து இரவு 9 மணிக்கு உங்களிடம் வந்தால், வழியில் எதுவும் ஏற்றவில்லை என்றால், அந்த 3,000ஐ ஏற்ற உங்களிடம் இருப்பது 5 மணித்தியாலம்தான்: மணிக்கு 600. மல்லாவி ஆஸ்பத்திரியிலோ புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியிலோ ஏற்கெனவே ஒரு போத்தல் ஏற்றியிருந்தால் அதைக் கழிக்க வேண்டும், அதற்கு அனுப்பிய கடிதத்தில் அளவு இருக்க வேண்டும்.

இந்தச் சூத்திரம் 1968இல் டலஸ் நகரத்துப் பார்க்லாண்ட் ஆஸ்பத்திரியில் சார்ள்ஸ் பாக்ஸ்ரர் முன்வைத்தது. அது ஒரு தொடக்கப் புள்ளிதான். பிறகு வந்தவர்கள் பல இடங்களில் தேவைக்கு மேல் திரவம் ஏற்றப்படுவதைக் கண்டு, இப்போது பெரியவர்களுக்கு 2 மில்லிலீற்றரில் தொடங்கிச் சிறுநீரைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கச் சொல்கிறார்கள். பெரியவருக்கு மணிக்கு ஒரு கிலோவுக்கு 0.5 மில்லிலீற்றர், சிறு பிள்ளைக்கு 1 மில்லிலீற்றர் சிறுநீர் போக வேண்டும் என்பது இலக்கு. கணக்குப்படி எவ்வளவு போயிருக்க வேண்டும், உண்மையில் எவ்வளவு போனது, சிறுநீர் மணிக்கு மணி எழுதப்பட்டதா என்று பழைய ரிக்கெட்டுகளிலிருந்தே ஒரு நல்ல ஆய்வு செய்துவிடலாம். புது நோயாளி ஒருவரும் தேவையில்லை.

உடம்பில் எத்தனை விழுக்காடு எரிந்தது என்ற பரப்பளவை எழுதுகிறபோது கணிசமாகத் தவறு நடக்கும். வெறும் சிவப்பைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கொப்புளம் போட்டதும் அதற்கு மேற்பட்டதும்தான் கணக்கு. வொலஸின் ஒன்பதுகளின் விதி பெரியவர்களுக்கு: தலை 9, ஒரு கை 9, ஒரு கால் 18, முன் உடல் 18, பின் உடல் 18. குழந்தைக்கு இது சரிவராது. ஒரு வயதுப் பிள்ளையின் தலையும் கழுத்துமே 18, 19 விழுக்காட்டுக்குக் கிட்ட வரும், கால்கள் சிறிது. வயதுக்கேற்ப ஒவ்வொரு உறுப்பின் விழுக்காட்டையும் காட்டுகிற, 1944இல் வந்த லண்ட் பிறவுடர் படத்தை அச்சடித்துப் படிவத்தின் பின்பக்கத்தில் போட்டு, பேனையால் நிழல்போட்டு எண்ணுங்கள். சிதறலான காயத்துக்கு நோயாளியின் சொந்த உள்ளங்கை விரல்களோடு சேர்த்து ஏறக்குறைய 1 விழுக்காடு. உங்கள் கையை வைத்து ஒரு பிள்ளையை அளக்காதீர்கள். இரண்டு பேர் ஒருவரையொருவர் கேட்காமல் தனித்தனியே அளந்து எழுதினால் இன்னும் நல்லது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே ஒரு தகவல்.

ஆழத்தை முதல் நாளே உறுதியாகச் சொல்ல முடியாது. அனுபவமுள்ள சத்திரசிகிச்சை நிபுணர்களின் கண்ணே மூன்றில் ஒரு பங்கு தடவை பிழைக்கும். அதனால் முதல் நாள் ஒரு பெட்டி, மூன்றாம் நாள் இன்னொரு பெட்டி என்று படிவத்தில் இரண்டு இடம் விடுங்கள். முதலில் எழுதியதை வெட்டித் திருத்த வேண்டாம்.

மருந்து, கட்டு என்று ஒப்பிடப் போனால்

வெள்ளிச் சல்பாடயசின் கிறீம் 1968இலிருந்து உலகம் முழுக்கப் பூசப்படுகிறது, நம் வாட்டுகளிலும் கை முதலில் அதைத்தான் தேடும். ஆனால் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடுகிற கொக்ரேன் அமைப்பின் 2013 மீளாய்வு, அது பூசிய காயங்கள் சிலிக்கன் பூசிய கட்டு போன்றவற்றைவிட மெதுவாக ஆறுவதாகத்தான் காட்டியது. தேன் பற்றிய 2015 மீளாய்வு, பகுதி ஆழக் காயங்கள் (தோலின் முழு ஆழமும் எரியாதவை) வழமையான கட்டுகளைவிடத் தேனால் 4, 5 நாள் முன்னதாக ஆறுவதாகச் சொல்கிறது. இதைப் படித்துவிட்டு முல்லைத்தீவுக் காட்டுத் தேனைப் போத்தலோடு வாட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். காயத்துக்கு வேண்டியது கிருமி நீக்கி, மருத்துவப் பாவனைக்கென்று தயாரித்த தேன். கடைத் தேனிலும் காட்டுத் தேனிலும் கிருமி வித்துகள் இருக்கலாம்.

எனக்குப் பிடித்த உதாரணம் மும்பையிலிருந்து வந்தது. அங்கே மாதுரி கோரே என்ற சத்திரசிகிச்சை நிபுணரின் குழு வாழையிலையைக் கிருமி நீக்கி எரிகாயத்துக்குக் கட்டாகப் போட்டு, வாசலின் பூசிய கோஸ் துணியோடு ஒப்பிட்டு 2003இல் வெளியிட்டார்கள். வாழையிலை காயத்தில் ஒட்டிப்பிடிப்பதில்லை, கழற்றும்போது நோவு குறைவு, விலையும் குறைவு. கையில் இருக்கிற பொருளை எடுத்து, ஊகமாகச் சொல்லாமல் அளந்து காட்டினார்களே, அந்த மனப்பாங்குதான் நமக்கு வேண்டும். இலையைக் கிருமி நீக்காமல் வீட்டில் போடலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை.

எதை ஒப்பிட்டாலும், எதை அளக்கப்போகிறீர்கள் என்பதை முதல் நோயாளி வருவதற்கு முன் எழுதி வைத்துவிடுங்கள். காயத்தின் 95 விழுக்காடு மூடிய நாள் நல்ல அளவு. 3 கிழமைக்கு மேல் ஆறாமல் கிடக்கிற காயம்தான் தடித்த தழும்பாகிறது என்பதால் 21ஆம் நாளில் மூடியதா இல்லையா என்பதும் பயனுள்ளது. அப்புறம் கட்டு மாற்றும்போது நோவு. 0 முதல் 10 வரை நோயாளியே சொல்லட்டும், சின்னப் பிள்ளைக்கு முகப் படங்கள். நோவு மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள், கட்டு எத்தனை மணிக்கு அவிழ்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். வாயால் கொடுத்த மோபின் வேலைசெய்ய அரை மணித்தியாலமாவது வேண்டும், அதற்குள் அவிழ்த்துவிட்டால் நீங்கள் அளப்பது கட்டின் குணத்தை அல்ல, அவசரத்தை. காயம் ஆறியதா என்று தீர்ப்புச் சொல்கிறவருக்கு எந்தக் கட்டுப் போட்டது என்று தெரியக் கூடாது. யாருக்கு எது என்பதை ஒளி ஊடுருவாத ஒட்டிய கடித உறைக்குள் வையுங்கள், டியூட்டியில் நிற்கிறவரின் இரக்கத்துக்கு விடாதீர்கள்.

கிருமி தொற்றும் முன்பே அன்ரிபயோட்டிக் கொடுத்துவைப்பதைச் சர்வதேச எரிகாயச் சங்கத்தின் 2016 வழிகாட்டி வேண்டாம் என்கிறது. உங்கள் வாட்டில் எத்தனை பேருக்கு அப்படிப் போகிறது என்று எண்ணுவதுகூட ஒரு ஆய்வுதான்.

அனுமதியும் சம்மதமும்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் ஆய்வு ஒழுக்கக் குழு இருக்கிறது. பழைய ரிக்கெட்டைப் புரட்டுகிற ஆய்வென்றாலும் அங்கே விண்ணப்பியுங்கள். ஆஸ்பத்திரிப் பணிப்பாளரின் எழுத்து அனுமதி தனியாக வேண்டும். நோயாளிகளை இரண்டு சிகிச்சையாகப் பிரிக்கிறீர்கள் என்றால், முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன் இலங்கை மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும். மருந்தைப் பரீட்சிக்கிறீர்கள் என்றால் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையிடமும் போக வேண்டியிருக்கும். இந்த வேலைக்கு மாதங்கள் எடுக்கும், முன்கூட்டியே தொடங்குங்கள்.

சம்மதம் கேட்கிற நேரம் முக்கியம். நோவில் துடிக்கிறவரிடம் பேப்பரை நீட்டிக் கையெழுத்து வாங்குவது சம்மதம் ஆகாது. நோவு அடங்கி, ஒரு தேத்தண்ணி குடித்து, கூட வந்தவரோடு கதைக்க நேரம் கிடைத்த பிறகு கேளுங்கள். "மாட்டன் எண்டால் மிஸ்ஸி கோவிப்பாவோ, மருந்து குறைப்பினமோ" என்ற பயம் எங்கள் சனத்துக்கு நிறைய உண்டு. அதனால் சிகிச்சை கொடுக்கிறவர் கேட்காமல் வேறொருவர் கேட்பது நல்லது. சம்மதப் படிவத்தை வாசித்துக் காட்டுங்கள், பிறகு "நான் சொன்னதில உங்களுக்கு விளங்கினதைச் சொல்லுங்கோ" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிட வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. 18 வயதுக்குக் கீழே என்றால் தாய் தகப்பனின் சம்மதம், விளங்கக்கூடிய வயதென்றால் பிள்ளையின் விருப்பமும்.

படங்கள் ஆஸ்பத்திரிக் கமராவில் மட்டும். சொந்தப் போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் எங்கே போய் முடியும் என்று யாருக்கும் தெரியாது. முகம் தெரியக் கூடாது, பெயருக்குப் பதில் இலக்கம்.

எப்படி எரிந்தது என்ற கேள்வியைக் கவனமாகக் கையாளுங்கள். மட்டக்களப்பு ஆஸ்பத்திரி நோயாளிகளைப் பற்றி 2002இல் வெளியான ஆய்வில் மண்ணெண்ணெய் விளக்கு பெரிய காரணமாக இருந்தது. தமக்குத் தாமே ஏற்படுத்திக்கொண்ட காயங்களும் கணிசமாக இருந்தன. ஒரு பெண் "அடுப்பு வெடிச்சது" என்று சொல்லும்போது கட்டில் தலைமாட்டில் புருஷனோ மாமியோ நின்றால், நீங்கள் எழுதுவது அவர்கள் கேட்க விரும்பும் பதில். கட்டு மாற்றும் அறையில், தனியாக, ஆறுதலாகக் கேளுங்கள். வன்முறை என்றோ, உயிரை மாய்க்க நினைத்தது என்றோ தெரியவந்தால் ஆய்வு அந்த இடத்தில் இரண்டாம் பட்சம். மனநலப் பிரிவுக்கும் ஆஸ்பத்திரியில் பெண்களுக்கு உதவுகிற பிரிவுக்கும் அன்றைக்கே சொல்ல வேண்டும். யாரிடம் சொல்வது என்ற பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் ஆய்வு தொடங்க முன்பே எடுத்து வைத்திருங்கள். விபத்தென்றால் எந்த மாதிரி விளக்கு என்றும் எழுதுங்கள். விஜய கொடகும்புர என்ற இலங்கைச் சத்திரசிகிச்சை நிபுணர், சரிந்தாலும் உருளாத, தட்டையான, பாரமான, திருகுமூடி போட்ட விளக்கைச் செய்து 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். வாட்டில் கண்ட காயங்களின் காரணத்தை அவர் பொருட்படுத்தியதால் வந்த விளக்கு அது.

வீட்டுக்குப் போன பிறகு

பெரும்பாலான ஆய்வுகள் டிஸ்சார்ஜ் எழுதியதோடு முடிந்துவிடும். எரிகாயத்தின் உண்மையான கஷ்டம் அன்றைக்குத்தான் தொடங்குகிறது. கழுத்து, கமக்கட்டு, முழங்கை, விரல் ஆகிய இடங்களில் தோல் மாதக்கணக்கில் சுருங்கும். நோயாளிக்குச் சுகமாக இருக்கிற கிடைதான் மூட்டை மடக்கிவிடுகிற கிடை: கழுத்து எரிந்தவர் தலையணை கேட்பார், கமக்கட்டு எரிந்தவர் கையை உடம்போடு ஒட்டி வைப்பார். டிஸ்சார்ஜ் நாளில் மூட்டுகளைக் கோணமானியால் அளந்து எழுதுங்கள். பிறகு 3, 6, முடிந்தால் 12ஆம் மாதம். தழும்புக்கு, பார்க்கிறவர் புள்ளி போடுகிற வான்கூவர் அளவுகோல் இருக்கிறது, நோயாளியே புள்ளி போடுகிற போசாஸ் அளவுகோலும் இருக்கிறது. இரண்டாவதைக் கட்டாயம் சேருங்கள், கடியும் நோவும் எவ்வளவு என்பதைத் தழும்புக்காரரைத் தவிர வேறு யார் சொல்வது.

ஆனால் அவர்கள் வருவார்களா? மாசி பங்குனியில் காலபோக அறுவடை, அந்த நாட்களில் யாரையும் கிளினிக்குக்குக் கூப்பிடாதீர்கள். ஒரு போன் இலக்கம் போதாது. சொந்தக்காரர், பக்கத்து வீடு என்று மூன்று வாங்குங்கள், சிம் அடிக்கடி மாறும். குடும்பநல உத்தியோகத்தரை ஆய்வுக் குழுவில் சேர்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது; எந்த வீடு எந்த ஒழுங்கையில் என்று அவருக்குத் தெரியும். பஸ் காசைத் திட்டச் செலவில் போட்டுவிடுங்கள், முல்லைத்தீவின் கரையோரத்திலிருந்து ஒருவர் கூலி வேலையை விட்டு உங்களுக்காக வந்து போகிறார். வராதவர்களை விட்டுவிட்டு வந்தவர்களை மட்டும் எண்ணினால் முடிவு பொய்யாகிவிடும், ஏனென்றால் கை மடங்கியவர்தான் வெட்கத்தில் வராமல் இருப்பார், அல்லது கை நன்றாகிவிட்டவர் தேவையில்லை என்று வராமல் இருப்பார். எத்தனை பேர் வரவில்லை, ஏன் என்பதைக் கட்டுரையில் அப்படியே எழுதுங்கள்.

இன்னொன்று. 2009க்குப் பிறகு வன்னிச் சனத்திடம் வந்து கேள்விக்கொத்து நிரப்பிக்கொண்டு போனவர்கள் ஏராளம். திரும்பி வந்து "நீங்கள் சொன்னதிலிருந்து இதைக் கண்டோம்" என்று சொன்னவர்கள் அரிது. உங்கள் ஆய்வு முடிந்ததும் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் எழுதி வாட்டுச் சுவரிலும், கலந்துகொண்டவர்களின் கையிலும், சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலும் கொடுங்கள். இரண்டு கட்டுக்கும் வித்தியாசம் இல்லை என்றுதான் முடிவு வந்தாலும் கொடுங்கள், பிரசுரத்துக்கும் அனுப்புங்கள். அதற்கெல்லாம் முன்பு, படிவத்தை ஒரு கிழமை வாட்டில் வைத்துப் பரீட்சித்துப் பாருங்கள். இரவு டியூட்டியில் எந்தப் பெட்டி வெறுமையாகவே வருகிறதோ, அந்தக் கேள்வியை மாற்றி எழுதுங்கள்.